காட்டுயிர் மேலாண்மை படிக்கலாமா? கணக்கு வராதவர்கள் என்ன செய்வது?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறேன். உயிரியலில் நல்ல மதிப்பெண் வரும், கணக்குதான் தகராறு. பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் மேலாண்மையும் பாதுகாப்பும் படிக்க ஆசை. "விலங்கியலே படித்துவிட்டுப் போகலாமே, இது எதற்குத் தனியாக?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கணக்கு இல்லாமல் சமாளிக்க முடியுமா? நல்ல படிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கணக்கை விட்டுவிட்டு இந்தத் துறைக்குள் வர முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் பள்ளியில் உங்களைப் படுத்திய கணக்கு வேறு, இங்கே தேவைப்படும் கணக்கு வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதற்கு முன் விலங்கியல் பற்றிய கேள்வியைப் பார்த்துவிடலாம்.

ஒரு விலங்கின் உடல், நடத்தை, இனப்பெருக்கம், பரிணாமம் ஆகியவற்றை அறிந்துகொள்ளும் படிப்பு விலங்கியல். அந்த அறிவை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கற்றுத்தருவது காட்டுயிர் மேலாண்மை. இந்த ஆண்டு வாத்து வேட்டைக்கு அனுமதி கொடுக்கலாமா? புல்வெளிக்குத் தீ வைக்கலாமா, வைத்தால் எந்த மாதத்தில்? அழிந்துபோன இடத்தில் ஒரு விலங்கைத் திரும்பக் கொண்டுவந்து விடலாமா? ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் நடந்ததைப் பாருங்கள். 1980-ல் அங்கே கருப்பு ராபின் பறவைகள் ஐந்தே ஐந்துதான் மிஞ்சியிருந்தன. முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்த பெண் பறவை ஒன்றே ஒன்று, அதற்கு 'ஓல்ட் ப்ளூ' என்று பெயர். பறவைப் பாதுகாப்புப் பணியாளர் டான் மெர்ட்டனின் குழு அதன் முட்டைகளை எடுத்து, டாம்டிட் என்ற வேறொரு சிறு பறவையின் கூட்டில் அடைகாக்க வைத்தது. முட்டையை இழந்த தாய் மறுபடியும் முட்டையிட்டது. இன்று உயிரோடிருக்கும் கருப்பு ராபின்கள் எல்லாமே அந்த ஒரு தாயின் வழி வந்தவை.

பலரும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதன் அடுத்த பகுதிதான் முக்கியம். சில பெண் பறவைகள் கூட்டின் குழியில் இடாமல் விளிம்பில் முட்டையிட்டன. அப்படியே விட்டால் அந்த முட்டை பொரியாது. ஒரு முட்டையைக்கூட இழக்க முடியாத நேரம் என்பதால் பணியாளர்கள் அவற்றை மெல்ல உள்ளே தள்ளி வைத்தார்கள். அந்தப் பழக்கமோ மரபு வழியாக இறங்குவது. காப்பாற்றப்பட்ட குஞ்சுகள் வளர்ந்து அவையும் விளிம்பில் முட்டையிட்டன. 1989 வாக்கில் பாதிக்கும் மேற்பட்ட பெண் பறவைகள் இப்படி ஆகிவிட்டன. முட்டையைத் தள்ளி வைப்பதை நிறுத்திய பிறகு அந்தப் பழக்கம் குறைந்தது. தொடர்ந்து செய்திருந்தால் மனிதக் கை இல்லாமல் பெருக முடியாத ஒரு பறவை உருவாகியிருக்கும். எப்போது கை கொடுப்பது, எப்போது கையை எடுப்பது என்பதுதான் நீங்கள் படிக்கப்போகும் விஷயம். மரபியலையும் எண்ணிக்கையையும் நடத்தையையும் சேர்த்து யோசிக்கத் தெரியாதவரால் அந்த முடிவை எடுக்க முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஏரியில் எத்தனை ஆமைகள் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். எல்லாவற்றையும் பிடித்து எண்ண வழியில்லை. 40 ஆமைகளைப் பிடித்து, ஓட்டில் அடையாளம் போட்டு விட்டுவிடுகிறீர்கள். சில நாள் கழித்து மறுபடி பிடிக்கும்போது 50 கிடைக்கின்றன, அவற்றில் 10-ல் உங்கள் அடையாளம் இருக்கிறது. அதாவது ஐந்தில் ஒன்று. அப்படியானால் நீங்கள் அடையாளமிட்ட 40-ம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஏரியில் சுமார் 200 ஆமைகள். டென்மார்க்கில் பீட்டர்சன் மீன்களை வைத்து 1890-களிலும், அமெரிக்காவில் ஃபிரெடரிக் லிங்கன் வாத்துகளை வைத்து 1930-லும் செய்தது இதைத்தான். பெருக்கல், வகுத்தல், அவ்வளவுதான்.

கஷ்டம் அதற்கு அப்புறம் வருகிறது. ஒருமுறை கூண்டில் மாட்டிய ஆமை அடுத்த முறை கூண்டுப் பக்கமே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை 10-க்குப் பதில் 5 அடையாள ஆமைகள்தான் கிடைக்கும். கணக்கு 400 என்று சொல்லும். இருப்பதோ 200. மாறாக, கூண்டில் வைத்த இரையின் ருசி கண்டு அதே ஆமைகள் திரும்பத் திரும்ப வந்து 20 கிடைத்தால் விடை 100 ஆகிவிடும். சூத்திரம் மூன்று தடவையும் சரியாகவே வேலை செய்தது. விலங்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் நீங்கள் கவனிக்கத் தவறினீர்கள். 400 என்ற எண்ணை நம்பி யாராவது ஆமை பிடிக்க அனுமதி கொடுத்தால் அந்த ஏரியின் கதை முடிந்தது. ஆகவே இங்கே கணக்கில் கெட்டிக்காரராக இருப்பது என்றால் எண் எங்கே பொய் சொல்லும் என்று மோப்பம் பிடிப்பது. உயிரியல் நன்றாக வரும் ஒருவருக்கு அது வரும். நிகழ்தகவு, மடக்கை, ஒரு வரைபடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது, இந்த மூன்றையும் சேர்க்கைக்கு முன் தூசி தட்டிக்கொள்ளுங்கள். ஆர் என்ற நிரல்மொழியைப் பெரும்பாலும் அங்கேயே சொல்லித்தருவார்கள்.

புலிகளை எண்ணுவதும் இதே தர்க்கம்தான். 1990-களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் இதைச் செய்துகாட்டினார். அங்கே அடையாளம் போடத் தேவையில்லை, வரிகளே அடையாளம். ஆனால் ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. அதனால் அசைவைக் கண்டு தானாகப் படமெடுக்கும் கேமராவைப் பாதையின் இரு பக்கமும் வைக்க வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தைக் கெடுக்கும், கொஞ்சம் விலக்கி வைக்க வேண்டும். முன்னால் ஆடும் ஒரு புல்லை வெட்ட மறந்தால் மெமரி கார்டு முழுக்கப் புல்தான் இருக்கும். கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்க்காவிட்டால் எந்தப் படம் எந்த நாள் எடுத்தது என்றே தெரியாமல் போகும். களப்பணியின் பெரும்பகுதி இப்படிப்பட்ட கவனம்தான். விலங்கை நேரில் பார்ப்பது அபூர்வம். காட்டில் சேர்த்த தரவைக் கணினி முன் உட்கார்ந்து ஒழுங்குபடுத்த, காட்டில் இருந்ததைவிட அதிக நேரம் பிடிக்கும். இது உங்களுக்குச் சலிப்பாகத் தெரிந்தால் இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது: மனிதர்கள். தெற்காசியாவில் பிணம் தின்னும் பாறு கழுகுகள் 1990-களில் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனது. ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். செத்த பறவைகளைத் திறந்து பார்த்தால் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது, சிறுநீரகம் செயலிழந்திருந்தது. கால்நடைகளுக்கு வலி நிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று 2004-ல் ஆய்வு வெளியானது. மருந்து கொடுத்த மாடு செத்தால் அதைத் தின்ற பாறும் சாகும். 2006-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தன. பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலோக்சிகாம் மாற்றாக வந்தது. மாடு வளர்ப்பவரிடம் மாற்று மருந்து இல்லாமல் "இதைக் கொடுக்காதே" என்று மட்டும் சொல்லியிருந்தால் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? இந்தப் பிரச்சினை கால்நடை மருத்துவம், வேதியியல், சட்டம், மருந்துக் கடை என்று போனது. காட்டுக்குள் உட்கார்ந்து யாரும் இதைத் தீர்த்திருக்க முடியாது. மனிதர்கள் தொந்தரவு, விலங்குகள் போதும் என்று நினைத்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் ஒன்றிரண்டு ஆண்டிலேயே மனம் உடைந்துபோகிறார்கள்.

எந்தப் படிப்பு நல்லது? பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். இந்தத் துறைக்கு இரண்டு வேர்கள் உண்டு. வேட்டையாடப்படும் விலங்குகளை அளவோடு காப்பது எப்படி என்ற கேள்வியிலிருந்து வளர்ந்தது ஒன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1933-ல் இத்துறையின் முன்னோடி ஆல்டோ லியோபோல்டைப் பேராசிரியராக்கியது அந்த வழியில்தான். மற்றது அமெரிக்க உயிரியலாளர் மைக்கேல் சூலே போன்றவர்கள் 1980-களில் வளர்த்தெடுத்த பாதுகாப்பு உயிரியல். அது அழிவின் விளிம்பில் இருப்பவற்றைப் பற்றியது. சில துறைகளில் முதலாவது ஓங்கியிருக்கும், சிலவற்றில் இரண்டாவது. உங்களுக்கு எது வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளியியல் ஒரே ஒரு பருவத்தில் ஒப்புக்கு வந்துபோகிறதா, ஆண்டுதோறும் தொடர்கிறதா என்று பாருங்கள். தாவரங்களை அடையாளம் காணும் பாடம் இருக்கிறதா? புல் பெயர் தெரியாதவரால் மானுக்கு வாழிடம் அமைக்க முடியாது. மக்களிடம் நேர்காணல் எடுக்கும் முறையும் சட்டமும் இருக்க வேண்டும். களப்பயணம் என்று போட்டிருந்தால், மாணவர்கள் தாங்களே தரவு சேகரித்து, தாங்களே பகுப்பாய்வு செய்து, எழுதிக் கொடுக்கிறார்களா, அல்லது பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்களா என்று கேளுங்கள். இறுதியாண்டில் படிப்பவர்களிடம் கேட்டால் உண்மை வரும். படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்ற கேள்விக்குத் துறை மழுப்பினால் யோசியுங்கள். மாணவர்கள் சிங்கக் குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சும் படத்தைப் போட்டு ஆள் சேர்க்கும் படிப்பு எதுவாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள். காட்டுயிரைத் தொட்டு விளையாடுவதைக் காட்டுபவர்களுக்கு அதைப் பாதுகாப்பது பற்றித் தெரியாது.

வேலை: அரசுத் துறைகள், தன்னார்வ நிறுவனங்கள், ஆய்வு, அணைக்கும் சாலைக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் என்று பல இடங்கள் உண்டு. தொடக்கத்தில் பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தமாகவே கிடைக்கும். வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஜிஐஎஸ் எனப்படும் கணினி நிலவரைபட வேலையும் தரவுப் பகுப்பாய்வும் கைவசம் இருப்பவர்களுக்கு இந்தக் காலம் சீக்கிரம் கடக்கும்.

உங்களுக்கு எட்டும் இடத்தில் இருக்கும் காட்டுயிர் இளநிலைப் படிப்பில் புள்ளியியலும் களமும் பலவீனம் என்று தெரிந்தால் அதில் சேர வேண்டாம். சூழலியலும் புள்ளியியலும் உறுதியாகச் சொல்லித்தரும் விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு, முதுநிலையில் காட்டுயிருக்கு வரலாம். இந்த வழியாக வந்து துறையில் நிலைத்தவர்கள் நிறையப் பேர். அப்படி வருவதானால் இளநிலையின் விடுமுறைகளில் ஏதாவது ஓர் ஆய்வுக் குழுவில் கள உதவியாளராகச் சேர்ந்துவிடுங்கள். முதுநிலைச் சேர்க்கையில் அந்த அனுபவம் கைகொடுக்கும்.