ஸ்டாம்ப் கேள்வி பதில்: இந்த முறை முழுக்க கானா

மாமாவின் பழைய ஆல்பத்தில் கோல்ட் கோஸ்ட் என்று அச்சிட்ட ஸ்டாம்ப் ஒன்று, எலிசபெத் ராணி படத்தோடு இருக்கிறது. அதன் மேலேயே 'கானா சுதந்திரம்' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார்கள். அச்சுப்பிழை, லட்சத்துக்குப் போகும் என்கிறான் மகன். உண்மையா? (வாசகி, தேனி)

மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பிழையே இல்லை. 1957 மார்ச் 6 அன்று கோல்ட் கோஸ்ட் விடுதலை பெற்று கானா ஆனது. நாட்டின் பிரதமர் நிக்ருமா படம் போட்ட புது ஸ்டாம்ப் அன்றைக்கே வந்துவிட்டது, ஆனால் தினப்படி உபயோகத்துக்குப் பழைய ராணி வரிசையின் மேலேயே நாட்டின் புதுப் பெயரையும் தேதியையும் அடித்து விற்றார்கள். இதற்குத்தான் ஓவர்பிரிண்ட் என்று பெயர். பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும். இதே ஸ்டாம்ப் அந்த மார்ச் மாதத்துக் குமாசி (கானாவின் ஒரு நகரம்) முத்திரையோடு, யாரோ யாருக்கோ நிஜமாகவே அனுப்பிய கவரில் ஒட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள், அது வேறு கதை.

கானாவிலிருந்து வந்த 1960களின் கவர்கள் ஒரு கட்டு கிடைத்தது. தண்ணீரில் ஊறவைத்து ஸ்டாம்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், கும்பகோணம்)

ஐயோ, வேண்டாம் சார்! பிரித்து எடுத்தால் கையில் மிஞ்சுவது கடையில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கிற சாதா ஸ்டாம்ப்தான். கவராக இருக்கும்வரை எந்த ஊரில் எப்போது போட்டார்கள், எவ்வளவு கட்டணம் ஒட்டினார்கள், பின்பக்கம் வந்து சேர்ந்த ஊரின் முத்திரை இருக்கிறதா, பதிவுத் தபால் என்றால் நீலப் பென்சில் கோடு குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். கானாவுக்குள்ளேயே போன கவர் என்றால் முகவரியில் தெருப் பெயருக்குப் பதிலாகத் தபால் பெட்டி எண் இருக்கும், அங்கே தபால் ஆபீசுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து கடிதம் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

உங்கள் கட்டு 60கள் என்பதால் இன்னொரு விசேஷமும் உண்டு. 1965 ஜூலை 19 அன்று கானா பவுண்டை விட்டு 'சிடி' என்ற புது நாணயத்துக்கு மாறியது. ஒரு சிடி என்பது 8 ஷில்லிங் 4 பென்ஸ். விசித்திரமான கணக்காகத் தோன்றும், ஆனால் ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதால் அது சரியாக 100 பென்ஸ், சிடிக்கு 100 பெசேவா, ஆக ஒரு பழைய பென்னிக்கு ஒரு பெசேவா. அதனால் கையிலிருந்த 1 ஷில்லிங் ஸ்டாம்பில் 12 பெசேவா என்று அடித்து, 'புது நாணயம்' என்று தேதியும் போட்டு விற்க முடிந்தது. 1966 பிப்ரவரியில் நிக்ருமாவின் ஆட்சி கவிழ்ந்தது. அவர் முகம் போட்ட நோட்டை வைத்திருக்கப் புது ஆட்சிக்கு மனசில்லை, 1967 பிப்ரவரியில் புதிய சிடி வந்தது, மதிப்பு 10 ஷில்லிங். மறுபடியும் ஸ்டாம்பின் மேல் புது விலை! இரண்டு வருஷத்துக்குள் மூன்று நாணயம் என்பதால் முத்திரையில் வருஷம் அழிந்திருந்தாலும் ஸ்டாம்பின் விலையை வைத்தே கவரின் காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம். பெசேவா ஸ்டாம்ப் ஒட்டிய கவரை '1963' என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பிற்பாடு விலைவாசி ஏறிய ஏற்றத்தில் ஸ்டாம்பிலேயே ஆயிரக்கணக்கில் சிடி அச்சிட்டார்கள். 2007 ஜூலையில் 10,000 பழைய சிடி ஒரே ஒரு கானா சிடி ஆனது. அதற்குச் சற்று முந்தைய கவர்களை இப்போது யாரும் சீந்துவதில்லை. நான் என்றால் இப்போதே வாங்கிப்போடுவேன்.

டைனோசர், டயானா, சினிமா நட்சத்திரங்கள் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஸ்டாம்ப் பளபளவென்று பாக்கெட்டில் கிடைக்கிறதே, வாங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பார்க்க ஆசைதான், வாங்குங்கள். முதலீடு என்று மட்டும் நினைக்காதீர்கள். இவற்றில் பல, வெளிநாட்டு ஏஜென்சிகள் சேகரிப்பாளர்களைக் குறிவைத்தே அடிக்கச் செய்தவை, அந்த ஊர்க் கவரில் ஒட்டி வந்தது அபூர்வம். முத்திரை மூலையில் அச்சுப்போல அழகாக விழுந்து, பின்னால் கோந்தும் அப்படியே இருந்தால் அது கடிதத்தில் போனதே இல்லை.

கோல்ட் கோஸ்ட் ஸ்டாம்பில் 'டோகோ' என்று அடித்திருக்கிறது. இது எந்த நாட்டுக் கணக்கு? (வாசகர், மதுரை)

டோகோ. ஜெர்மனியிடமிருந்து 1914ல் பிரிட்டனும் பிரான்சும் பிடித்த பகுதிக்காக அடித்தது. அப்புறம் பிரிட்டிஷ் பங்கில் கோல்ட் கோஸ்ட் ஸ்டாம்பே ஓடியது, 1957ல் அந்தப் பகுதி கானாவோடு சேர்ந்தது. அதனால் சாதாரண கோல்ட் கோஸ்ட் ஸ்டாம்பிலும் 'ஹோ' என்ற ஊர் முத்திரை தெரிகிறதா என்று பாருங்கள். அது அந்தப் பிரிட்டிஷ் டோகோ பகுதியைச் சேர்ந்த ஊர்.

பெரிய மதிப்புள்ள கோல்ட் கோஸ்ட் ஸ்டாம்ப், முத்திரை குத்தியது, நல்ல விலை சொல்கிறார்கள். நம்பலாமா? (வாசகி, கோவை)

முத்திரையைத்தான் முதலில் சந்தேகப்படணும். அச்சிட்ட விலை பெரிதான சில ஸ்டாம்புகளில் புதியதைவிட உண்மையாக உபயோகித்தது கிடைப்பது கஷ்டம், அங்கேதான் கைவரிசை. பிரிட்டிஷ் காலனி ஸ்டாம்புகளில் குத்தவென்றே செய்த போலி முத்திரைகள் 'மேடம் ஜோசப்' என்ற பெயரில் பிரசித்தம், அந்த முத்திரைக் கட்டைகள் இன்று லண்டன் ராயல் பிலாடெலிக் சொசைட்டி என்ற ஸ்டாம்ப் சேகரிப்பாளர் சங்கத்திடம் இருக்கின்றன, அவற்றின் படங்கள் புத்தகமாகவும் வந்திருக்கின்றன. ஊர்ப் பெயரையும் தேதியையும் அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் அந்த விலைக்கு வாங்காதீர்கள், விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.