சிரட்டை எண்ணெயால் ஊட்டுக்குழாய் அடைபடுவது பற்றி

வணக்கம். தேங்காய்ச் சிரட்டையைக் காற்றின்றிச் சூடாக்கிப் பெறும் பைரோலிசிஸ் எண்ணெயைப் பத்து வீதமாக வெற்றிட வாயு எண்ணெயுடன் (மசகெண்ணெயை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துப் பெறும் கனமான பின்னம்) கலந்து, 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி ஆய்வுகூட உடைப்பு அலகுக்குள் (கனமான எண்ணெயைச் சூடான ஊக்கியால் இலகுவான எரிபொருளாக உடைக்கும் கருவி) செலுத்தியபோது ஊட்டுக்குழாய் அடைபட்டதாகவும், ஊக்கியை மாற்ற நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஊக்கியில் கை வைக்க வேண்டாம். எண்ணெய் ஊக்கியைச் சென்றடையும் முன்பே அடைப்பு உருவாகிவிடுகிறது.

அந்த எண்ணெயின் நிறையில் பெரும் பங்கு ஒட்சிசன் சேர்மங்களும் நீருமாக இருப்பதால், எவ்வளவு கலக்கினாலும் அது பெற்றோலியப் பின்னத்திலிருந்து பிரிந்துவிடும். சூடேறும்போது அதிலுள்ள அல்டிகைட்டுகளும் பீனோல்களும் ஒன்றோடொன்று இணைந்து, குழாயின் உட்சுவரில் கறுத்த பிசினாகப் படிந்து, பின்னர் கரியாக இறுகுகின்றன. சிரட்டையில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) மிகுதி என்பதால் பீனோல்களும் மிகுதி.

ஆகவே வாயு எண்ணெயை மட்டும் சூடாக்குங்கள். சிரட்டை எண்ணெயைக் கரித்தூள் நீங்க வடிகட்டி, 50 பாகைக்கு மேற்படாமல், தனிக்குழாயால் நேரே சூடான ஊக்கியின்மீது தெளியுங்கள். பிரேசிலின் பெற்றோபிராஸ் நிறுவனமும் தனது செயல்விளக்க அலகில் உயிர் எண்ணெயை (தாவரப் பொருளின் பைரோலிசிஸ் எண்ணெய்) தனித் தெளிமுனையால்தான் செலுத்தியது. வடிகட்டலைத் தவிர்க்காதீர்கள்; கரித்தூளிலுள்ள பொற்றாசியம், ஊக்கியின் செயற்படும் பகுதியான சியோலைற்றின் அமிலத் தானங்களை மெல்ல மெல்ல முடக்கிவிடும்.

ஒட்சிசனின் பெரும்பகுதி நீராகவும் காபன் ஒட்சைட்டுகளாகவும் வெளியேறும் என்பதால், திணிவுச் சமநிலையில் (உட்சென்ற, வெளிவந்த திணிவுகளின் கணக்கில்) நீரைத் தனியாக அளந்து எழுதுங்கள்.

பயன்பட்ட ஊக்கி வேண்டுமெனில், இலங்கையின் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் ஊக்கியால் உடைக்கும் அலகு இல்லை. சென்னை மணலி சுத்திகரிப்பு நிலையத்துக்குத் துறைத்தலைவர் மூலம் எழுதிக் கேட்கலாம்.