பெட்டகத்தில் இருந்த ஷாஜகான்

கேள்வி: எங்கள் ஐயாவின் பெட்டகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓவியம் கிடைத்தது. தலைக்குப் பின்னால் தங்க வட்டத்தோடு ஒரு ராஜா பக்கவாட்டில் நின்று பூவை முகர்கிறார். பின்பக்கம் முழுக்கப் பாரசீக எழுத்து. ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடை வைத்து வியாபாரம் செய்யப் போனவர். பழைய சாமான் வியாபாரி ஒருவர், இது ஷாஜகான் காலத்துப் படம், கடைசி மொகலாய ராஜா பகதூர் ஷா ரங்கூனுக்கு எடுத்துப்போனது, கமிஷனுக்கு விற்றுத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கமிஷன் என்றதுமே வயது நூறு வருஷம் கூடிவிடும், அதை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். பகதூர் ஷாவை ஆங்கிலேயர்கள் 1858-ல் டில்லியிலிருந்து கைதியாகக் கொண்டுபோனார்கள், 1862-ல் ரங்கூனிலேயே இறந்துபோனார். உங்கள் ஐயா அங்கே கடை வைத்தது 1920, 30 வாக்கில் என்றால், நடுவில் அறுபது எழுபது வருஷம் படம் யார் கையில் இருந்தது? அதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும். நம் ஆட்கள் கரண்டி வாங்கினாலும் எழுதிவைத்தவர்கள், அதனால் பழைய பேரேடு, சீர் சாமான் பட்டியல் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். எனக்கென்னவோ காசிச் சத்திரத்துக்குப் போய்வந்த யாரோ வாங்கியதாகத்தான் தோன்றுகிறது. வடக்கே மொகலாய ராஜாக்களின் படங்களை யாத்ரீகர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் விற்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே நல்ல வியாபாரம்.

சரி, படத்துக்கு வருவோம். பின்னால் இருக்கிற எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பழைய ஏட்டைப் பிரித்து, அதன் தாளில் புதுப் படம் எழுதி விற்பது இன்றைக்கும் நடக்கிறது. எழுத்து இருநூறு வருஷம் பழசாகவும் ராஜா போன தலைமுறைக்காரராகவும் இருக்கலாம். பாரசீகம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், பூவும் ராஜாவும் இருக்கிற படத்துக்குப் பின்னால் வைத்தியக் குறிப்போ இலக்கணமோ இருந்தால் விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி எடுத்து, பூச்சி அரித்த ஓட்டைகளைத் தேடுங்கள். படம் எழுதிய பிறகு பூச்சி அரித்திருந்தால் ஓட்டை வண்ணத்தையும் சேர்த்து நறுக்கென்று துளைத்திருக்கும். ஏற்கெனவே அரித்த தாளில் எழுதியிருந்தால் வண்ணம் ஓட்டைக்குள் இறங்கி விளிம்பில் திரண்டு நிற்கும், இல்லை தூரிகை அதைச் சுற்றிப் போயிருக்கும். பழைய மடிப்புக் கோட்டிலும் இதே கதைதான்.

தங்க வட்டத்தை வைத்து வயது சொல்ல முடியாது. அது மொகலாயப் படங்களில் நிலைத்தது ஜஹாங்கீர் காலத்தில், 1605-க்குப் பிறகு. அதற்கு முந்தையது இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம், பிந்தையதாக எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அங்கியின் முடிச்சைப் பாருங்கள். முஸ்லிம்கள் வலப்பக்கமும் இந்துக்கள் இடப்பக்கமும் முடிவது அன்றைய வழக்கம். ஷாஜகானுக்கு இடப்பக்கம் முடிச்சு இருந்தால், படி எடுக்கும் மாதிரித் தாளைத் திருப்பிப் போட்டு நகல் எடுத்தவரின் கைவேலையோ என்று சந்தேகப்படலாம்.

கடைசித் தீர்ப்பு வண்ணத்தில்தான். ஒரு படத்துக்கு அதிலுள்ள மிகப் புதிய பொருளின் வயதுதான் வயது. அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்-கதிர் கருவியால், சுரண்டாமலே பார்ப்பார்கள். வெள்ளையில் டைட்டானியம் வந்தால் 1920-களுக்கு முந்தையது இல்லை, பிற்பாடு யாரும் பூசித் திருத்தவில்லை என்றால். வீட்டிலேயே செய்ய ஒன்று உண்டு. ரூபாய் நோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள், தாள் பளீரென்று நீலவெள்ளையாக மின்னினால் 1950-க்குப் பிந்தைய தாள். வியாபாரிக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மின்னவில்லை என்றாலும் விற்க அவசரப்படாதீர்கள். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய ஓவியத்தைத் தொல்லியல் துறையில் பதிய வேண்டும், உரிமம் பெற்றவர்தான் வியாபாரம் செய்யலாம், வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கு 75 வருஷமே போதும் என்பதால், ராஜா போலியாகி பின்பக்கம் அசலாகிற வேடிக்கையும் நடக்கலாம்.

கேள்வி: ஈரத்துணியால் துடைத்து முகப்பில் மாட்டலாமா?
- அதே வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். வண்ணம் பிசினில் குழைத்தது, ஈரம் பட்டால் ராஜா துணியோடு வந்துவிடுவார். முகப்பு வெயிலும் ஆகாது. கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போட்டு, வெளிச்சம் குறைந்த உள்ளறையில் மாட்டுங்கள்.