ஆடியில் விதைக்காதீர்கள்: திருகோணமலைத் தோட்டத்துக்குக் காற்றுதான் காலண்டர்

கேள்வி: உப்புவெளியில், கடற்கரையில் இருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறோம். மணல் தரை, கிணற்றுத் தண்ணீர். ஆடியில் போட்ட கத்தரி, மிளகாய் நாற்று காற்றில் கருகிவிட்டது. திரும்ப ஐப்பசி கடைசியில் நட்டேன், கார்த்திகை மழையில் பச்சையாக நின்றபடியே வாடி விழுந்துவிட்டது. எந்த மாதம் என்ன செய்வது?

பதில்: ஆடியில் ஏன் போட்டீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது தமிழ்நாட்டுக்காரர்களின் பட்டம், அவர்களுடைய மழைக்குச் சரி. நமக்கு ஆடி என்றால் கச்சான். மே தொடங்கி செப்டெம்பர் வரை வீசும் அந்தத் தென்மேற்குக் காற்று, மழையை எல்லாம் மலைநாட்டின் அந்தப் பக்கத்துச் சரிவிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்துபோய் வருகிறது. இளம் நாற்றின் இலையில் இருந்து தண்ணீர் போகிற வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்காது, இரண்டு நேரம் ஊற்றினாலும் கருகும்.

நம்முடைய மழை, வடகிழக்கில் இருந்து வீசும் வாடைக் காற்றோடு வருவது. ஐப்பசியில் பிடித்துத் தை வரை. தம்பலகாமத்து வயல்காரர்கள் மழைக்கால நெற்பருவமான பெரும்போகத்தை அதை வைத்துத்தான் தொடங்குகிறார்கள், வீட்டுத்தோட்டமும் அதே கணக்குத்தான். ஆவணி நடுவில் நிழலில் நாற்றுப் போடுங்கள். நாலைந்து கிழமையில், புரட்டாதி கடைசிக்குள் பாத்திக்கு மாற்றுங்கள். முதல் தூறல்களில் வேர் ஓடிவிடும், அடைமழை வரும்போது செடி தன் காலில் நிற்கும். நீங்கள் ஐப்பசி கடைசியில் நட்டதால், வேர் பிடிக்கும் முன்பே பெருமழைக்குள் தள்ளிவிட்டீர்கள்.

ஆனால் 'பச்சையாக நின்றபடியே வாடியது' என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. தண்ணீர் தேங்கி வேர் அழுகினால் பெரும்பாலும் கீழ் இலை மஞ்சளாகி, செடி மெதுவாகத்தான் சாகும், பிடுங்கினால் வேர்த்தோல் கையோடு உரிந்து வரும். இலை மஞ்சளாகாமல் இரண்டு மூன்று நாளில் தொங்கினால் பக்டீரியா வாடலைச் சந்தேகிக்க வேண்டும். அதை வீட்டிலேயே பார்க்கலாம். இனி ஒரு செடி அப்படி வாடினால், தண்டை நிலமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வெட்டி, வெட்டிய முனை தண்ணீரில் முட்டுகிற மாதிரி ஒரு கண்ணாடிக் கிளாசில் ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக ஏதாவது கீழே இறங்கினால் அதுவேதான்.

அதற்கு மருந்து கிடையாது, கடையில் யாராவது போத்தலைக் காட்டினால் காசை வீணாக்காதீர்கள். செடியை வேரோடு எடுத்து அகற்றுங்கள், கூட்டெருக் குழியில் மட்டும் போட வேண்டாம். அந்த இடத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் சில வருஷத்துக்கு வேண்டாம், ஏனென்றால் மூன்றும் ஒரே குடும்பம், கிருமி மண்ணில் காத்துக்கொண்டிருக்கும். சோளம், வெண்டி, பயற்றை போடலாம். கத்தரி இல்லாமல் முடியாது என்றால் புது மண் போட்ட சாடியில் வையுங்கள், அல்லது சுண்டங்கத்தரி அடிக்கட்டையில் ஒட்டிய கன்று கிடைக்கிறதா என்று பாருங்கள், அது இந்த நோயைத் தாங்கும்.

மணல் தரையில் தண்ணீர் தேங்காது என்று நினைப்போம். ஆனால் மாரியில் கிணறு நிரம்பி மேலே வரும்போது நிலத்தடி நீர் வேர் வரைக்கும் ஏறிவிடும், அதனால் ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி கட்டாயம். சரி, இப்படி நட்டால் மார்கழிக் கடைசியில் இருந்து காய் பறிக்கலாம், தை, மாசி, பங்குனிதான் நமக்கு நல்ல காலம். பங்குனி வெயிலில் மிளகாய் இலை சுருளத் தொடங்கும், இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள்.

சித்திரைக்குப் பிறகு தோட்டத்தைச் சுருக்குங்கள். இருக்கிற செடிகளைக் காப்பாற்றினால் போதும், புதிதாக எதையும் தொடங்காதீர்கள். காற்றுத் தடுப்பைப் பலர் கடல் பக்கம் கட்டுகிறார்கள். வாடையில் வரும் உப்புச் சாரலுக்கு அது சரி, கச்சானுக்கு உதவாது. கச்சான் தரைப் பக்கம் இருந்து வருகிறது, மேற்கிலும் தென்மேற்கிலும்தான் தடுப்பு வேண்டும். மதில் மாதிரி அடைத்துக் கட்டினால் காற்று மேலே ஏறி உள்ளே சுழன்று விழும், ஆகவே கிடுகை நெருக்கிக் கட்டாமல் இடைவெளி விடுங்கள். கிளிரிசிடியா வேலி இன்னும் நல்லது, வெட்டும் இலை பசளையும் ஆகும். பாத்தியில் தேங்காய்ப் பொச்சு மட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் ஈரம் நிற்கும்.

கோடையில் உங்கள் கிணறு உவர்க்கும். இலை விளிம்பு மட்டும் கருகி, மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்தால் உப்புத்தான். அப்போது தினமும் கொஞ்சம் தெளிப்பது உப்பை மேலேயே சேர்க்கும். நாள் விட்டு நாள், விடியற்காலையில், உப்பு வேருக்குக் கீழே இறங்குகிற அளவு நிறைய ஊற்றுங்கள். மோட்டாரைப் போட்டு அடிவரை இறைக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். போஞ்சியும் வெங்காயமும் இந்தத் தண்ணீரில் சரிவராது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. முருங்கை இருந்தால் ஐப்பசிக்குள் கிளையைக் குறையுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது, கார்த்திகையில் அப்படியான காற்று எப்போதும் வரலாம், முருங்கைக் கிளை சும்மாவே முறியும். வெட்டிய கைத்தடிக் கனமான துண்டுகளை மூன்று நாலடி நீளத்தில், தண்ணீர் நிற்காத மேட்டில் ஊன்றிவிட்டால் அந்த மழையிலேயே துளிர்க்கும்.