கேளுங்க அக்கா: பாதி மூஞ்சிக்கு மட்டும் பூசிப் பாருங்க

இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி ஒரே ரகம், வீட்ல இருக்கறத எடுத்து பூசினேன், இப்படி ஆயிடுச்சு, இல்லன்னா பூசலாமான்னு இருக்கேன், சொல்லுங்கன்னு. பத்து ரூபாய்க்குள்ள முடியற விஷயம்னா எனக்கும் கை சும்மா இருக்காது, அதனால அந்த கேள்விகளை மட்டும் இந்த தடவ எடுத்துக்கிட்டேன். சமையல் கேள்வி அனுப்புனவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். எலுமிச்சம்பழ சாறுல ஆப்பசோடா கலந்து மூஞ்சில போட்டா கருமை போகும்னு பாத்து போட்டேன். பத்து நிமிஷத்துல கழுவிட்டு ஸ்கூட்டில காலேஜ் போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு கன்னத்துலயும் கழுத்துலயும் கோடு கோடா கருப்பா வந்திருக்கு. இன்னொரு தடவ எலுமிச்சை போட்டா போயிடுமா? (வாசகி, அம்மாபேட்டை)

பதில்: அய்யோ கண்ணு, போடவே போடாத. அந்த கோடு எப்படி வந்துச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியும், ப்ளஸ் டூ படிக்கறப்போ சேலத்துல குகைங்கற ஏரியால ஒரு கல்யாணத்துக்கு பளிச்சுனு போகணும்னு மொதநாள் மத்தியானம் எலுமிச்சம்பழத்த பாதியா அறுத்து மூஞ்சி கழுத்துன்னு தேய்ச்சுட்டு மொட்டைமாடில வடாம் எடுக்க போனவ நான். கழுத்துல சாறு வழிஞ்ச எடமெல்லாம் சொட்டு சொட்டா கருத்து போயி, கல்யாண போட்டோல இன்னைக்கும் தெரியுது. எலுமிச்சை சாறுல இருக்கற ஒரு பொருள் தோல்ல இருக்கறப்போ வெயில் பட்டா, அந்த எடம் தீப்புண்ணு மாதிரி பொசுங்கி அப்பறம் கருத்துடும். நீ கழுவிட்டேன்னு சொல்ற, காதுக்கு பின்னாடி, தாடைக்கு கீழ கொஞ்சம் நின்னாலே போதும், நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு அதுக்கு மேல வேணாம்.

இன்னொன்னு, பி.ஹெச்னு புளிப்ப அளக்கற ஒரு எண் இருக்கு, 7க்கு கீழ எறங்க எறங்க புளிப்பு, மேல போனா சோப்பு மாதிரி காரம். எலுமிச்சை சாறோட பி.ஹெச் 2 பக்கம், நல்ல புளிப்பு. நம்ம தோல் சுமாரா 5, ஆப்பசோடா 8க்கு மேல. ரெண்டையும் கலக்கறப்போ பொசுபொசுன்னு நுரை வருதுல்ல, அத பாத்து என்னமோ வேலை செய்யுதுன்னு நெனைக்கறோம், உண்மைல அது ரெண்டும் ஒன்னை ஒன்னு அடிச்சுக்கிட்டு சாகுது, கடைசில கிண்ணத்துல மிஞ்சறது ஏறக்குறைய உப்புத்தண்ணி. அளவு கூட கொறைய போச்சுன்னா மிச்சம் இருக்கற புளிப்போ காரமோ தோல கடிக்கும். ஆக நல்லது நடக்க வழியே இல்ல, கெட்டது நடக்க ரெண்டு வழி.

இப்ப என்ன பண்ணணும்னா, ஒன்னும் பண்ணாத. தேய்க்காத, ஸ்க்ரப் போடாத. தேங்காண்ணெயோ சாதா மாய்ஸ்சரைசரோ தடவு, வெளிய போறப்போ எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்க்ரீன் போட்டு துப்பட்டாவ சுத்திக்க. சில வாரத்துலயோ சில மாசத்துலயோ தானா மங்கிடும். எரிச்சல், கொப்புளம் இருந்தா டாக்டர்ட்ட காட்டிடு.

கேள்வி: வாடகை வீடு மாறி சூரமங்கலம் பக்கம் வந்து ஆறு மாசம் ஆகுது. இங்க போர் தண்ணிதான். முடி தேங்கா நார் மாதிரி ஆயிடுச்சுங்க, சோப்பு நுரையே வரல. ஷவர்ல மாட்டற ஃபில்டர் விலைய கேட்டா தலை சுத்துது. செலவில்லாம வழி இருக்கா? (வாசகி, சூரமங்கலம்)

பதில்: இருக்குங்க. மொதல்ல தண்ணிதான் காரணமான்னு பாத்துருங்க, அதுக்கு காசே வேணாம். ஒரே மாதிரி ரெண்டு காலி தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க, ஒன்னுல போர் தண்ணி பாதி, இன்னொன்னுல குடிக்கற ஆர்.ஓ. தண்ணியோ மழத்தண்ணியோ பாதி. சாதா குளியல் சோப்ப கத்தியால சீவி ரெண்டுலயும் ஒரே அளவு போட்டு நல்லா குலுக்குங்க. ஒன்னுல நுரை பொங்கும், இன்னொன்னுல நுரை வராம தண்ணி மோர் மாதிரி கலங்கி மேல வெள்ளையா திட்டு மெதந்துச்சுன்னா அதான் உங்க தலைலயும் நடக்குது. தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேந்து கரையாத ஒரு பிசுக்கா மாறி முடி மேல உக்காந்துக்குது. ஹீட்டர் கம்பில வெள்ளை வெள்ளையா படியுதே, அதுவும் இதே கால்சியம் பண்ற வேலைதான்.

இதுல நெறைய பேரு பண்ற தப்பு ஒன்னு சொல்றேன், ஆர்.ஓ. மெஷின்ல வெளிய போற தண்ணிய வீணாக்க வேணாமேன்னு பக்கெட்ல புடிச்சு தலைக்கு ஊத்தறாங்க. அது வடிகட்டி ஒதுக்குன உப்பெல்லாம் சேந்த தண்ணிங்க, போர் தண்ணிய விட மோசம். வீடு தொடைக்க வச்சுக்குங்க, தலைக்கு வேணாம்.

சரி, வழி. தலைக்கு சோப்பு போடாதீங்க, ஷாம்பு இந்த பிசுக்க அவ்வளவா உண்டாக்காது. இன்னும் நல்லது அரப்பு. வெளியூர்க்காரங்களுக்கு சொன்னா புரியாது, உசிலை மரத்து இலைய காயவச்சு அரைச்ச பச்சை பொடி, நம்ம பக்கம் நாட்டுமருந்து கடைல கேட்டா தருவாங்க. அரப்புலயும் சீயக்காய்லயும் இருக்கற நுரைக்கற பொருள் சோப்பு மாதிரி உப்புத்தண்ணியோட கட்டிப்புடிச்சு பிசுக்காகாது. போர் தண்ணி ஊருல நம்ம பாட்டிங்க அரப்பையே புடிச்சுக்கிட்டு இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நான் நெனைக்கறேன். வடிச்ச கஞ்சில கரைச்சு தேய்ச்சா தூள் தூளா நிக்காது. கண்ணுல மட்டும் பட்டுடக்கூடாது, அந்த எரிச்சல் வேற எதுலயும் வராது.

கடைசி ஒரு சொம்பு மட்டும் காவிரி தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ ஊத்தி அலசுங்க. ரொம்ப பிசுக்கா இருந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து வாரம் ஒருக்கா அலசலாம். அப்பறம் குளிக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தேங்காண்ணெய். நல்லெண்ணெய் ஏன் இல்லன்னு மாமியார் கேப்பாங்க. 2003ல மும்பைல செஞ்ச ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, தேங்காண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூனையும் முடில தடவி பாத்ததுல தேங்காண்ணெய் மட்டும்தான் முடிக்குள்ள எறங்கி, புரதம் கழண்டு போறத கொறைச்சுச்சு. நல்லெண்ணெய் அந்த போட்டிலயே இல்ல, அதனால மாமியார்ட்ட சண்டைக்கு போகாதீங்க. பொடுகு இருந்தா மட்டும் எண்ணெய ஊற விடாதீங்க, பொடுக உண்டாக்கற காளானுக்கு அதான் சாப்பாடு.

இதையும் பாருங்க: சீப்புல வர்ற முடிய ஒரு வெள்ளை பேப்பர்ல வச்சு நுனிய பாருங்க. ஒரு பக்கம் சின்னதா வெள்ளை முண்டு இருந்தா அது வேரோட உதிர்ந்த முடி, இல்லன்னா நடுவுல ஒடிஞ்ச முடி. ஒடிஞ்சது ஜாஸ்தின்னா தண்ணிய சொல்லலாம். வேரோட ஒரு நாளைக்கு 50, 100ன்னு உதிர்றது சாதாரணம், அதுக்கும் மேல கொத்து கொத்தா வந்தா ரத்தத்துல இரும்புச்சத்து, தைராய்டு ரெண்டையும் டெஸ்ட் பண்ணுங்க, தண்ணிய திட்டாதீங்க.

கேள்வி: பருவுக்கு டூத்பேஸ்ட் வைக்கலாமா? (வாசகர், ஆத்தூர்)

பதில்: பல்லுக்கு வைங்க.

கேள்வி: நாங்க ஏற்காட்டுல எஸ்டேட் பக்கம் குடியிருக்கோம். காபித்தூளுக்கு பஞ்சமே இல்லீங்கக்கா. ஃபில்டர்ல மிஞ்சற சக்கைய மூஞ்சில தேய்ச்சா பளபளன்னு ஆகும்ங்கறாங்க, உண்மையா? பனிக்காலத்துல கால் வெடிப்பும் தாங்க முடியல. (வாசகி, ஏற்காடு)

பதில்: காக்பர்ன் துரை சேலம் கலெக்டரா இருந்தப்போ, 1820கள்ல ஏற்காட்டுக்கு காபிச்செடி கொண்டுவந்தாரு. இருநூறு வருஷம் கழிச்சு அதோட சக்கைய மூஞ்சில தேய்ப்பாங்கன்னு மனுசன் நெனைச்சிருக்க மாட்டாரு. மூஞ்சிக்கு வேணாம்மா. சக்கைய ரெண்டு விரலால நசுக்கி பாருங்க, மணல் மாதிரி கூரா இருக்கும், மூஞ்சி தோலுக்கு அது ஜாஸ்தி. பளபளப்புன்னு தெரியறது பாதி நீங்க கலந்த எண்ணெய், பாதி தேய்ச்ச செவப்பு. முட்டி, முழங்கை, குதிகாலுக்கு தாராளமா தேய்க்கலாம். மீனு கழுவின கைக்கு இத விட நல்லது நான் பாத்ததில்ல, வாடை சுத்தமா போகும். ஆனா பாத்ரூம்ல எண்ணெயும் சக்கையும் சேந்து போச்சுன்னா குழாய் அடைக்கும், அடைப்பு எடுக்க ஆள கூப்ட்டா மிச்சம் புடிச்சதெல்லாம் போயிடும், வெளிய செடிக்கிட்ட உக்காந்து தேய்ச்சு கழுவுங்க.

கால் வெடிப்புக்கு க்ரீமோட விலைய விட தடவற நேரம்தான் முக்கியம். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் கால வைங்க, துணியால ஒத்தி எடுத்துட்டு ஈரம் முழுசா காயறதுக்குள்ள பெட்ரோலியம் ஜெல்லிய கனமா தடவி பழைய பருத்தி சாக்ஸ் போட்டு படுத்துருங்க. ஜெல்லி ஈரத்த கொண்டு வராது, இருக்கற ஈரத்த வெளிய போக விடாம மூடி போடும், அவ்ளோதான். காஞ்ச கால்ல தடவுனா வறட்சிக்குத்தான் மூடி போட்ட மாதிரி. ஒரு கால்ல மட்டும் ஒரு வாரம் செஞ்சு பாத்துட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க, நான் சொன்னத நம்பவே வேணாம். சக்கரை இருக்கறவங்க மட்டும் இந்த வெந்நீர் வேலைய செய்யாதீங்க, சூடு தெரியாம கால் வெந்துடும்.

கேள்வி: செவ்வாய்பேட்டைல கொலுசு பட்டறைல மெருகு போடற வேலை. கை ரேகைலயும் நகத்துலயும் கருப்பு போகவே மாட்டேங்குது. பொண்ணு பாக்க போகணும். புளி வச்சு தேய்க்கலாமா? (வாசகர், செவ்வாய்பேட்டை)

பதில்: புளி பாத்திரத்துக்கு தம்பி, பட்டறைல ஏற்கனவே வெந்த தோலுக்கு அது எரியும். எண்ணெய் அழுக்குக்கு எண்ணெய்தான் எதிரி. காஞ்ச கைல, தண்ணி படறதுக்கு முன்னாடியே, ஒரு ஸ்பூன் தேங்காண்ணெய் ஊத்தி ரெண்டு நிமிஷம் ரேகை ரேகையா உருவுங்க. அப்பறம் பாசிப்பயறு மாவ போட்டு தேய்ச்சு அதுக்கப்பறம் சோப்பு. நகத்துக்கு பழைய டூத்பிரஷ். வேலைக்கு போறதுக்கு முன்னாடி நகத்துக்கு அடில சோப்ப லேசா சுரண்டி வச்சுக்கிட்டா கருப்பு உள்ளயே போகாது. ஆசிட் தொடற வேலைன்னா க்ளவுஸ் இல்லாம செய்யாதீங்க. பொண்ணு வீட்டுல கை கொஞ்சம் கருப்பா இருந்தா என்ன, கொலுசு செய்யற கைன்னு சொல்லுங்க, அங்கயே பாதி வேலை முடிஞ்சுரும்.

கேள்வி: என் பொண்ணுக்கு 16 வயசு. ஃப்ரெண்டு சொன்னான்னு மெடிக்கல்ல ஒரு ட்யூப் வாங்கி மூஞ்சில போட்டா. ஒரு வாரத்துல பளீர்னு வெளுத்துட்டா, எனக்கும் சந்தோசம்தான். மூனு மாசம் ஆச்சு, இப்ப ரெண்டு நாள் போடலன்னா செவந்து எரியுதுங்கறா, மூஞ்சில பூனை முடியும் பருவும் வருது. வீட்டு வைத்தியம் ஏதாவது சொல்லுங்க. (ஒரு அம்மா, கொண்டலாம்பட்டி)

பதில்: இதுக்கு வீட்டு வைத்தியம் கெடையாதுங்க. அந்த ட்யூப எடுத்து பின்னாடி இருக்கற பேர படிங்க, பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன்னு ஏதாவது இருந்தா அது ஸ்டீராய்டு. சொரியாசிஸுக்கும் கரப்பானுக்கும் டாக்டர் பாத்து சில நாளைக்கு மட்டும் குடுக்கற மருந்து அது, பவுடர் மாதிரி தெனம் பூசறதில்ல. மொதல்ல வெளுக்கும், அப்பறம் தோல் மெலிஞ்சு, விட்டா எரிஞ்சு, மறுபடி அதையே பூச வைக்கும். சீட்டு இல்லாம இத குடுக்கக்கூடாதுன்னு 2018லயே அரசாங்கம் சட்டத்த இறுக்கிட்டாங்க, கடைல யாரு கேக்கறா. நீங்களா கஸ்தூரி மஞ்சள், கடலைமாவுன்னு எதையும் மேல போட்டு கிளறாதீங்க. ட்யூபையும் கையோட எடுத்துக்கிட்டு தோல் டாக்டர்ட்ட போங்க, ஜி.ஹெச்.ல தோல் ஓ.பி. இருக்கு, காசு கேக்க மாட்டாங்க. எப்படி நிறுத்தறதுன்னு அவங்க சொல்லட்டும். பொண்ண திட்டாதீங்க, வெளுத்தப்போ நீங்களும்தான சந்தோசப்பட்டீங்க.

கேள்வி: எத கேட்டாலும் பாதி மூஞ்சில மட்டும் போடு, பாதி கால்ல மட்டும் போடுங்கறீங்களே அக்கா, பாதி மூஞ்சியோட எப்படி வெளிய போறது? (வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: நான் போயிருக்கேனே! முழு மூஞ்சிலயும் பூசிட்டு கண்ணாடில பாத்தா நமக்கு நேத்து மூஞ்சி ஞாபகம் இருக்காது, காசு செலவு பண்ணிட்டோமேன்னு மனசு நல்லாருக்குன்னுதான் சொல்லும். பூசாத பக்கம் பக்கத்துலயே இருந்தாத்தான் பொய் சொல்ல முடியாது. அதுக்கும் முன்னாடி முழங்கை உள்பக்கம் ஒரு பொட்டு வச்சு ரெண்டு நாள் பாக்கணும், அரிச்சா அத்தோட சரி. மேல்தோல் புதுசா மாற கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும், அதனால நாலு வாரத்துக்குள்ள தீர்ப்பு எழுதக்கூடாது, ஒரு நேரத்துல ஒரு பொருள் மட்டும், தேதி போட்டு காலண்டர் பின்னாடி எழுதணும்.

போன வருஷம் ஜவ்வரிசிய சோதிச்சேன், சேலத்துல இருந்துக்கிட்டு அத சோதிக்கலன்னா எப்படி. ஒரு ஸ்பூன் ஜவ்வரிசிய கண்ணாடியா வேகவச்சு, ஆறவச்சு, இடது கன்னத்துல மட்டும் பூசினேன். காயறப்போ அப்பப்பா, பத்து வயசு கொறைஞ்ச மாதிரி இழுத்து புடிச்சுச்சு, வலது கன்னம் பாவமா தொங்குது. வீட்டுக்காரர கூப்ட்டு காட்டுனேன், ஒரு பக்கம் வீங்கியிருக்கு, பல்லு வலியான்னாரு. கழுவுனதும் ரெண்டு கன்னமும் ஒன்னு. மாவு காஞ்சு தோல் மேல ஏடு மாதிரி படியுது, அது இழுக்குது, கழுவுனா போயிடுது. சேலைக்கு கஞ்சி போட்டா வெறைப்பா நிக்குமே அதேதான். வாரம் ரெண்டு தடவன்னு நாலு வாரம் செஞ்சேன், கடைசி நாள் எந்த பக்கம் பூசினேன்னு சொல்லுங்கன்னு வீட்ல நாலு பேர்ட்ட கேட்டேன், ரெண்டு பேரு இடதுன்னாங்க, ரெண்டு பேரு வலதுன்னாங்க. மிச்சம் இருந்த அரைக்கிலோவுக்கு பச்சமொளகாயும் சீரகமும் அரைச்சு ஊத்தி வடாம் போட்டுட்டேன்.