வேலிக்கதவு திறக்கும் சனி ஞாயிறு: இங்கிலாந்துக் கிராமத் தோட்டங்கள் பற்றிச் சில கேள்விகள்

சஃபோக்கில் ஒரு சின்னக் கிராமத்தில் 14 வருஷமாக இருக்கிறேன். ஜூன் கடைசியில் ஒரு சனி ஞாயிறு எங்கள் ஊரில் பதினைந்து வீட்டுக்காரர்களாவது தங்கள் தோட்டத்தை ஊராருக்குத் திறந்துவிடுவார்கள். முதலில் பார்க்கப் போனேன். அப்புறம் டிக்கெட் மேசையில் உட்கார்ந்தேன். மூன்று வருஷமாக எங்கள் வீட்டுத் தோட்டத்தையும் திறக்கிறோம். இங்கேயுள்ள தமிழ் நண்பர்கள் கேட்டதற்கெல்லாம் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, முன்பின் தெரியாதவர்களை எப்படி வீட்டுக்குள் விடுகிறார்கள்? காசு யாருக்குப் போகிறது? (லெஸ்டர்)

வீட்டுக்குள் இல்லை, தோட்டத்துக்கு மட்டும்தான். பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டு அப்படியே திரும்பி வர வேண்டியது.

இதன் வேர் நர்ஸ்களிடம் இருக்கிறது. 1859-ல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தன் மனைவியைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட நர்ஸையே, அந்தம்மா இறந்த பிறகு நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். வீடு தேடிப் போகும் நர்ஸ் என்ற ஏற்பாடு அங்கிருந்து வளர்ந்தது. அதற்குப் பணம் தேவைப்பட்டபோது, அந்த நர்ஸ்களுக்கான அமைப்பின் குழுவில் இருந்த எல்சி வாக் என்பவர்தான் ஒரு யோசனை சொன்னார்: நல்ல தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் கதவைத் திறக்கட்டும், தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கட்டும். 1927-ல் 609 தோட்டங்கள் திறந்தன, 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அரசர் ஐந்தாம் ஜார்ஜின் சாண்ட்ரிங்காம் தோட்டமும் அதில் ஒன்று. இன்று நேஷனல் கார்டன் ஸ்கீம் என்ற பெயரில் நடப்பது அதுதான். மேக்மில்லன், மேரி க்யூரி போன்ற, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புகளுக்கு அந்தப் பணம் போகிறது.

இதைத் தவிர கிராமங்கள் தாங்களாகவே நடத்துவதும் உண்டு. எங்கள் ஊர் அந்த வகை. சர்ச் கூரைக்கு ஒரு வருஷம், கிராம மண்டபத்துக்கு ஒரு வருஷம் என்று போகும்.

எங்கே, எப்போது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மில்டன் கீன்ஸ்)

ஸ்கீமின் தோட்டங்களை அவர்களுடைய இணையதளத்தில் தேடலாம், மஞ்சள் அட்டைக் கையேட்டிலும் பார்க்கலாம். ஊர் எல்லையில் மஞ்சள் அறிவிப்பு தொங்கும். கிராமங்கள் தாங்களாக நடத்துவதற்கு அப்படி ஒரே பட்டியல் கிடையாது. மே மாதத்திலிருந்து சாலையோர வேலிகளில் கட்டியிருக்கும் கையெழுத்துப் பலகைகளைப் பாருங்கள். கிராமத்தில் மண்டபத்தில்தான் டிக்கெட் வாங்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் எல்லாத் தோட்டமும் பார்க்கலாம், கூடவே ஒரு வரைபடமும் தருவார்கள். கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். செடிக் கடையில் பாதி இடத்தில் கார்டு எடுக்க மாட்டார்கள்.

பெரிய பங்களாத் தோட்டங்களை மட்டும் பார்த்தால் போதுமா? ஒரு நாளில் எல்லாம் முடியாது போலிருக்கிறதே.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வரைபடத்தில் கடைசி எண்ணாக, சந்துக்குள் ஒரு சின்ன வீடு இருக்கும். முதலில் அங்கே போங்கள். பெரிய தோட்டத்தில் கூலிக்கு ஆள் இருக்கும். சின்னத் தோட்டத்தில் செடி வைத்தவரே பக்கத்தில் நிற்பார். நம் வீட்டுக் கொல்லை அளவுதான் அவரிடமும் இருக்கும். அவர் கற்றதெல்லாம் நமக்கு அப்படியே உதவும். ஆறு தோட்டங்களை நிதானமாகப் பார்த்தாலே அந்த நாள் நிறைந்துவிடும்.

எனக்குக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. போனால் நாங்கள் மட்டும்தான் வேறு நிறமாக இருப்போம். ஓரமாகப் பார்த்துவிட்டு, இரண்டு படம் எடுத்துவிட்டு வந்தால் போதாதா? (ஸ்லாவ்)

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். முதல் வருஷம் நானும் அப்படித்தான் ஓரமாக நின்றேன். பல ஊர்களில் நீங்கள் சொல்கிற மாதிரிதான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். இரண்டு கண் உங்களைக் கூடுதலாகப் பார்க்கும். ஆனால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டுக்காரர் பிப்ரவரிக் குளிரிலிருந்து இந்த ஒரு நாளுக்காக முட்டி போட்டுக் களை எடுத்திருக்கிறார். காலையில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 'ரொம்ப அழகு' என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்கள். நீங்கள் ஒரு செடியின் முன் நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

கேள்வி குறிப்பாக இருக்கட்டும். 'என்ன உரம் போடுகிறீர்கள்' என்பதைவிட, 'இது எந்த வருஷம் வைத்தது', 'இதே இடத்தில் முன்னால் என்ன இருந்தது', 'எது பிழைக்கவில்லை' என்று கேட்டால் மனம் விட்டுப் பேசுவார்கள். இரண்டாவது வருஷம் ஒரு பாட்டியிடம், என் சீடம் செடி பூக்கும்போது நடுவில் பிளந்து சாய்கிறது, உங்களுடையது எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தண்டு ஒவ்வொன்றிலும் வெட்டிய தழும்பைக் காட்டினார். மே கடைசியில், செல்சி மலர்க் கண்காட்சி நடக்கும் வாரத்தையொட்டித் தண்டை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுவார்களாம். அந்த வாரத்தின் பெயரால் 'செல்சி சாப்' (செல்சி வெட்டு) என்றே சொல்கிறார்கள். செடி குட்டையாகக் கிளைத்து, கொஞ்சம் தாமதமாகப் பூக்கும், சாயாது. அன்றைக்கு ஓரமாகப் பார்த்துவிட்டு வந்திருந்தால் அந்தத் தழும்பு என் கண்ணில் பட்டிருக்காது.

படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டு ஜன்னலோ வீட்டுக்காரரோ படத்தில் விழ வேண்டாம்.

பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகலாமோ? அம்மா சக்கர நாற்காலியிலை இருக்கிறா. (ஹாரோ)

தாராளமாக வாங்க. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். சரளைக்கல் பாதை, படிகள், சரிவான புல்வெளி என்று பல இடத்தில் நாற்காலி உருளாது. டிக்கெட் மேசையில் கேட்டால் எந்தெந்தத் தோட்டத்துக்குப் போகலாம் என்று வரைபடத்திலேயே குறித்துத் தருவார்கள். கழிவறைக்குக் கிராம மண்டபம்தான், வீடுகளில் எதிர்பார்க்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் குளத்தைப் பற்றித்தான் என் கவலை. பல தோட்டங்களில் ஒரு சின்னக் குளம் இருக்கும், பெரும்பாலும் வேலி இருக்காது. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதையும் வாயில் வைக்க விடாதீர்கள். ஃபாக்ஸ்குளோவ், லாபர்னம், யூ மரம் மூன்றும் இங்கே சாதாரணமாக இருக்கும், மூன்றும் விஷம்.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா?

கட்டிக்கொண்டு வாங்க, ஆனால் தோட்டத்துக்குள் பிரிக்க வேண்டாம். ஊர்ப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போய் ஒரு டீயும் கேக்கும் வாங்குங்கள். எங்கள் ஊரில் டிக்கெட்டுக்கு அடுத்தபடி அதில்தான் பணம் சேர்கிறது. அந்த கேக்கை ஊர்க்காரர்களே சுடுகிறார்கள், வாங்காமல் வந்தால் அவர்கள் மனம் வாடும்.

ஒரு சின்னக் கிளை ஒடித்து வந்தால் தப்பா? சாமிக்கு ஒரு பூ?

தப்பு. ஒரு பூகூட வேண்டாம். போன வருஷம் எங்கள் தோட்டத்தில் யாரோ லாவெண்டரில் நாலு கிளை கிள்ளிக்கொண்டு போனார்கள். செடி தேறிவிட்டது, என் கணவர்தான் அன்று மாலை முழுக்கப் பேசவே இல்லை. செடி வேண்டுமென்றால் விற்பனை மேசை இருக்கிறது. அதே தோட்டத்தில் பிரித்தெடுத்த கன்றுகள் அங்கே கிடைக்கும். கடையைவிட மலிவு, அந்த மண்ணில் பிழைத்தவை. மதியத்துக்குள் நல்லதெல்லாம் போய்விடும், அதனால் வந்தவுடன் வாங்கி, கிளம்பும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

ஹைட்ரேஞ்சியா அவர்கள் வீட்டில் நீலம், அதே செடியை வாங்கி வந்தால் எங்கள் வீட்டில் ரோஜா நிறம். ஏமாற்றிவிட்டார்களா? (லூட்டன்)

இல்லைங்க. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குப் போய்ச் சேரும், பூ நீலமாகும். சுண்ணாம்பு மண்ணில் அது கிடைக்காது, அதனால் ரோஜா நிறம். தொட்டியில் அமில மண் கலவை போட்டு மழைத்தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் உங்கள் பக்கம் சுண்ணாம்பு. வெள்ளைப் பூ வகை நீலமாக மாறாது.

எந்த மாதம் போனால் நல்லது?

கூட்டமாகப் பூப்பது ஜூனில், ரோஜாவுக்கும் அதுதான். ஆனால் பிப்ரவரியில் ஸ்னோட்ராப் பூவுக்காக மட்டும் திறக்கும் தோட்டங்கள் உண்டு. இலையில்லாத மரங்களின் கீழே தரை முழுக்க வெள்ளை. நம் ஊர் வெயிலில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிரில் ஒரு பூ வருவதே இன்னும் அதிசயமாக இருக்கிறது. டாலியாவுக்கு செப்டம்பர். எந்த மாதமானாலும் சேறு ஒட்டினாலும் பரவாயில்லை என்கிற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்தையும் திறக்க ஆசை. கறிவேப்பிலைத் தொட்டியும் நாலு ரோஜாவும்தான் இருக்கிறது. சேர்ப்பார்களா? (இப்ஸ்விச்)

ஸ்கீமில் சேர, உங்கள் கவுண்டிக்கான (மாவட்டம் மாதிரி) பொறுப்பாளர் வந்து பார்ப்பார். வருகிறவர்களுக்கு முக்கால் மணி நேரம் பார்க்க விஷயம் இருக்க வேண்டும் என்பது அவர்களின் பழைய அளவுகோல். சின்னத் தோட்டங்கள் நாலைந்து சேர்ந்து ஒரு குழுவாகத் திறக்கலாம். கிராமமே நடத்துவதில் அந்தக் கணக்கும் இல்லை, அமைப்பாளரிடம் சொன்னால் வரைபடத்தில் ஓர் எண் போட்டுவிடுவார். காப்பீடு யார் பெயரில் என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கறிவேப்பிலையை வெளியே வையுங்கள், கட்டாயம் கேட்பார்கள். அக்டோபரில் உள்ளே எடுத்துவிடுங்கள், பனி பட்டால் போய்விடும். நாங்கள் முதல் வருஷம் திறந்தபோது கண்ணாடி வீட்டுக்குள் இருந்த வெண்டைச் செடியை ஒளித்து வைக்கலாமா என்று யோசித்தேன். வந்தவர்களில் ஒரு பெரியவர் ரோஜாவையெல்லாம் தாண்டி அங்கே போய், அதன் மஞ்சள் பூவைக் குனிந்து பார்த்தபடி அரை மணி நேரம் நின்றார். இது ஹாலிஹாக் பூச்செடிக்குச் சொந்தமா என்று கேட்டார். ஆமாம், ஒரே குடும்பம் என்றேன். அந்த வருஷம் இரண்டு காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டு, காயவைத்து, ஓர் உறையில் விதையைப் போட்டு அவர் வீட்டுக் கதவில் சொருகிவிட்டு வந்தேன்.