பட்டப்பகலில் எரியும் ஹெட்லைட்: பிக்கப் டிரக் ஓட்டுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் பிக்கப் டிரக்குகளில், இருட்டியதும் தானாக எரியும் தானியங்கி ஹெட்லைட்டைப் பற்றியவை. வெளிச்சத்தை அளக்கும் சென்சார் அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்பட்டு, பகலிலேயே விளக்கை எரியவிடுகிறது என்பதுதான் எல்லோருடைய புகாரும். ஆனால் விவரங்களைப் படித்துப் பார்த்தால், பல வண்டிகளில் சென்சார் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. அதற்கு வெளிச்சம் போய்ச் சேரவில்லை, அல்லது விளக்கை எரியவைப்பது சென்சாரே அல்ல.

கேள்வி: சில வாரங்களாக என் ஷெவர்லே சில்வராடோவில் உச்சிவெயிலிலும் ஹெட்லைட் எரிகிறது. சென்சாரை மாற்றிவிட வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (டெக்சாஸ் வாசகர்)

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் டேஷ்போர்டின் மேற்பரப்பை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இந்த வண்டிகளில் முன்கண்ணாடியை ஒட்டினாற்போல் கறுப்பாக ஒரு சிறு குமிழ் இருக்கும். வெளிச்சத்தை அளப்பது அதுதான். உங்கள் ஊர் வெயிலில் டேஷ்போர்டில் விரிசல் விழுந்துவிடக் கூடாது என்று பலரும் துணி விரிப்பு போடுகிறார்கள். அந்த விரிப்பில் குமிழுக்காக விட்டிருக்கும் துளை ஒரு விரற்கடை நகர்ந்தாலே போதும், சென்சாரைப் பொறுத்தவரை பொழுது சாய்ந்துவிட்டது. கழற்றி வைத்த தொப்பி, பார்க்கிங் சீட்டு, பெட்ரோல் பங்க் ரசீது எல்லாம் இதே வேலையைச் செய்யும். டேஷ்போர்டைப் பளபளக்க வைக்கும் திரவம் காய்ந்து, அதன்மேல் தூசி படிந்து உண்டாகும் படலத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. லேசாக ஈரப்படுத்திய மென்துணியால் குமிழைத் துடையுங்கள்; அதன்மேல் நேரடியாக ஸ்ப்ரே அடிக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் எரிந்தால் ஒரு சோதனை இருக்கிறது. வண்டியை நல்ல வெயிலில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்விட்சை ஆட்டோவில் வைத்துக்கொண்டு, கைப்பேசியின் டார்ச்சைக் குமிழின் மேல் நேராகப் பிடித்தபடி ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருங்கள். விளக்கு அணைந்துவிட்டால் சென்சார் உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒன்று அதை மறைக்கிறது என்று பொருள். அணையவில்லை என்றால், ஸ்கேன் டூல் (வண்டியின் மின்னணுத் தகவல்களைப் படிக்கும் கருவி) வைத்திருக்கும் ஒருவரிடம், விளக்குகள் உள்ளிட்டவற்றைக் கட்டுப்படுத்தும் கணினியான பாடி கன்ட்ரோல் மாட்யூலின் நேரடித் தகவலைக் காட்டச் சொல்லுங்கள். மாட்யூல் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்து, திரும்பி வரும் வோல்டேஜைக் கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. குமிழைக் கையால் மூடி மெல்லத் திறக்கும்போது அந்த அளவு சீராக ஏறி இறங்க வேண்டும். ஒரே எண்ணில் உறைந்து நின்றால் மட்டுமே கனெக்டர், ஒயர், சென்சார் ஆகியவற்றின் மேல் சந்தேகப்பட வேண்டும். கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் சரியான வண்டிகள் ஏராளம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கைகள். ஏசியின் வெயில் சென்சார் சில மாடல்களில் இதே தோற்றத்தில் தனியாக இருக்கும், வேறு சிலவற்றில் இரண்டும் ஒரே குமிழுக்குள் இருக்கும். எதைக் கழற்றுகிறோம் என்று தெரிந்து கழற்றுங்கள். பழைய சென்சாரை நெம்பி எடுத்தவுடன் ஒயரை டேஷ்போர்டோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கை நழுவி ஒயர் உள்ளே விழுந்துவிட்டால், ஐந்து நிமிட வேலைக்காக டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஃபோர்டு எஃப்-150 வைத்திருக்கிறேன். வெயில் அடிக்கும்போதே லேசாகத் தூறினால் ஹெட்லைட் எரிகிறது. தூறல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அணைவதில்லை. சென்சார் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. உங்கள் விளக்கை எரியவைத்தது வைப்பர். ஸ்விட்ச் ஆட்டோவில் இருக்கும்போது வைப்பர் ஓடத் தொடங்கினால், சுமார் 10 விநாடிக்குள் வெளிவிளக்குகள் எரியும்; வைப்பரை நிறுத்திய பிறகு ஏறக்குறைய 60 விநாடி கழித்து அணையும். ஃபோர்டின் கையேட்டிலேயே இது இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ், ராம் (Ram) நிறுவனங்களின் வண்டிகளிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ராமில் இதைத் திரையின் அமைப்புகளுக்குள் சென்று நிறுத்திவிடலாம். நிறுத்த வேண்டுமா என்பது வேறு கேள்வி. வைப்பரைத் தொடர்ந்து ஓட்டும்போது ஹெட்லைட் எரிய வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2005 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. நியூயார்க், நியூ ஜெர்சி உள்ளிட்ட வேறு பல மாநிலங்களிலும் அப்படித்தான். நான் அதை அப்படியே விட்டுவிடுவேன்.

கேள்வி: காலையில் வீட்டு கராஜிலிருந்து வண்டியை வெளியே எடுத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதே?

பதில்: கராஜின் இருட்டில் வண்டி கிளம்பியதால் விளக்கு உடனே எரிந்தது. வெளிச்சத்துக்கு வந்தபின் அணைய ஒரு நிமிடம் வரை ஆகலாம். இது கோளாறல்ல.

கேள்வி: இருபுறமும் மரங்கள் அடர்ந்த சாலையில் ஹெட்லைட் மாறி மாறி எரிந்து அணைகிறது. எதிரே வருபவர்கள் நான் விளக்கடித்து ஏதோ சொல்வதாக நினைக்கிறார்கள். உணர்திறனைக் குறைக்க வழி உண்டா? (டொயோட்டா டகோமா)

பதில்: டொயோட்டாவில் உண்டு. கையேட்டின் பின்பகுதியில், வண்டியில் மாற்றி அமைக்கக்கூடியவற்றின் பட்டியலில் 'லைட் சென்சார் சென்சிடிவிட்டி' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் நடுநிலைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று படிகள் இருக்கும். சிலவற்றில் திரையிலேயே மாற்றலாம். மற்றவற்றுக்கு டீலரிடம் போக வேண்டும். ஒரு படி மட்டும் குறைத்து, அதே சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த முடிவை எடுங்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த வசதியை உரிமையாளர் கையில் கொடுப்பதில்லை.

எரிவதற்கும் அணைவதற்கும் ஒரே எல்லையை வைத்தால் மரநிழலில் விளக்கு கண் சிமிட்டத்தான் செய்யும். அதனால்தான் இரண்டு எல்லைகளும் ஒரு தாமதமும் வைக்கிறார்கள். ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள வாகன விளக்குகளுக்கான ஐ.நா. விதி 48 இதை எண்ணிக்கையிலேயே வகுத்திருக்கிறது: வெளிச்சம் 1,000 லக்ஸுக்குக் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கினால் 2 விநாடிக்குள் விளக்கு எரிய வேண்டும், 7,000 லக்ஸுக்கு மேல் ஏறினால் அணைய வேண்டும், ஆனால் 5 விநாடிக்கு முன்பாக அல்ல, 300 விநாடிக்குள். இடைப்பட்ட பகுதி தயாரிப்பாளரின் விருப்பம். அமெரிக்க வண்டிகளை இந்த விதி கட்டுப்படுத்தாது என்றாலும் அவற்றின் உள்ளே இருக்கும் தர்க்கம் இதுதான். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். அடர்ந்த மரநிழலில் அது சில ஆயிரமாகச் சரிந்துவிடும். முன்கண்ணாடியில் நிற ஃபிலிம் ஒட்டியிருந்தால் அந்தச் சில ஆயிரத்திலும் ஒரு பங்கு போய்விடும். ஒட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அத்தகைய சாலையில் நுழையும்போதே கையால் ஹெட்லைட்டை எரியவிட்டுவிடுவது எல்லாவற்றையும்விட எளிது.

கேள்வி: முன்கண்ணாடியை மாற்றிய நாளிலிருந்துதான் தொந்தரவு. கடைக்காரர் தன் மேல் தவறில்லை என்கிறார்.

பதில்: மழையையும் வெளிச்சத்தையும் சேர்த்து அறியும் சென்சார் உள்ள வண்டிகளில், அது பின்னால் வருவதைப் பார்க்க உள்ளே மாட்டியிருக்கும் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே தெளிவான ஜெல் பட்டை ஒன்று இருக்கும். பழைய பட்டையையே மறுபடி ஒட்டினாலோ, இடையில் காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டாலோ அளவு தப்பிவிடும். வெளியே நின்று கண்ணாடி வழியாக அந்த இடத்தை உற்றுப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகளோ, நீர்த்திவலை போன்ற வட்டங்களோ தெரிந்தால் புதுப் பட்டை போட்டுத் தரும்படி கேளுங்கள். வைப்பரும் காரணமின்றி ஓடுகிறது என்றால் சந்தேகம் உறுதி.

கேள்வி: சென்சார் மேல் சின்ன எல்இடி ஒன்றை ஒட்டிவிட்டால் பகலில் எரியாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பகலில் எரியாது என்பது உண்மைதான், இரவிலும் எரியாது. முன்னால் பகல்நேர விளக்கு (வண்டி ஓடும்போது பகலிலும் தானாக எரியும் முன்விளக்கு) எரிவதால் சாலை தெரியும், ஹெட்லைட் எரிகிறது என்றே நம்பி ஓட்டுவீர்கள். பின்விளக்கு மட்டும் இருண்டு கிடக்கும். பின்னால் வருபவருக்கு உங்கள் டிரக் இருப்பதே கடைசி நொடியில்தான் தெரியும்.

பகலில் விளக்கு எரிவதைவிட, அதனால் டேஷ்போர்டுத் திரை மங்குவதுதான் உங்களை எரிச்சலூட்டுகிறது என்றால், திரை வெளிச்சத்துக்கான சக்கரத்தை முழுவதும் மேலே திருப்பிப் பாருங்கள். ராம் வண்டிகளிலும் வேறு பலவற்றிலும், விளக்கு எரியும்போதும் திரையைப் பகல் வெளிச்சத்திலேயே வைத்திருக்கும் நிலை அங்கே இருக்கிறது.

கேள்வி: ஒன்டாரியோவில் வாங்கிய டிரக் இது. எதைத் திருப்பினாலும் முன்விளக்கை முழுவதுமாக அணைக்க முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து ஸ்விட்ச் வாங்கி மாட்டலாமா?

பதில்: அணைக்க முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. 1989 டிசம்பர் 1-க்குப் பிறகு தயாரித்து கனடாவில் விற்கும் வண்டிகளுக்குப் பகல்நேர விளக்கு கட்டாயம். 2021 செப்டம்பர் முதல் வரும் புதிய வண்டிகளில் இன்னும் ஒரு படி கூடியிருக்கிறது: பகல்நேர விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டியதும் எல்லா விளக்குகளும் தாமாக எரிய வேண்டும், அல்லது விளக்குப் போடாத ஓட்டுநருக்கு அது உறைக்கும்படி டேஷ்போர்டு இருண்டே இருக்க வேண்டும். ஸ்விட்சை மாற்றும் யோசனையைக் கைவிடுங்கள்.

கேள்வி: என் வண்டியில் ஹைபீம், சாலைப் பலகைகளைக் கண்டாலே தாழ்ந்துவிடுகிறது. இதுவும் அதே சென்சாரா?

பதில்: இல்லை, அது முன்கண்ணாடியில் உள்ள கேமராவின் வேலை. பலகையில் பட்டுத் திரும்பும் உங்கள் வெளிச்சத்தையே எதிர்வண்டி என்று அது எடுத்துக்கொள்கிறது. கேமராவுக்கு முன்னுள்ள கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். அப்போதும் தொல்லை தந்தால் தானியங்கி ஹைபீமை மட்டும் தனியாக நிறுத்திவிடலாம். ஹெட்லைட்டின் ஆட்டோ நிலை அதனால் பாதிக்கப்படாது.